15 பிள்ளைகள் பெற்ற மன்னருக்கு வாரிசுச் சிக்கல் வந்தது எப்படி? திருமணமாகாத இளவரசி சோஃபியாவின் கதை

1817 நவம்பர் 3. பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஐந்தாவது மகள் சோஃபியாவுக்கு அன்று 40 வயது நிறைந்தது. கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகப்போவதும் இல்லை.

சரியாக மூன்று நாள் கழித்து, நவம்பர் 6 அதிகாலையில், அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. மன்னரின் ஒரே பேத்தி இளவரசி சார்லட், இறந்தே பிறந்த ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். வயது 21. ஒரே இரவில் அரியணைக்கான இரண்டு தலைமுறை வாரிசுகள் போய்விட்டார்கள்.

பேத்தி போனால் என்ன, மன்னருக்குத்தான் 15 பிள்ளைகள் ஆயிற்றே என்று தோன்றலாம். அதில் 12 பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள். ஏழு மகன்கள், ஐந்து மகள்கள். எல்லோருக்குமே நடுத்தர வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால், அந்த 12 பேரில் ஒருவருக்குக்கூட சட்டப்படி செல்லுபடியாகும் திருமணத்தில் பிறந்து, உயிரோடு இருக்கும் ஒரு குழந்தை இல்லை!

இது எப்படி நடந்தது? இதற்கு விடை தேடினால், சோஃபியா பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய அப்பா கொண்டுவந்த ஒரு சட்டத்தில் போய் நிற்போம்.

தம்பிகள் மீது வந்த கோபம்

1771-ல் மன்னரின் தம்பி கம்பர்லாந்து கோமகன், ஆன் ஹார்ட்டன் என்ற விதவையை அண்ணனிடம் சொல்லாமல் கட்டிக்கொண்டார். அரச குலத்தைச் சேராத பெண். மன்னருக்குக் கடும் கோபம். அதன் விளைவு, 1772-ம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டம். சட்டம் வந்த பிறகு இன்னொரு குண்டு விழுந்தது: இன்னொரு தம்பி குளோஸ்டர் கோமகனும் 1766-லேயே ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு, அத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது தெரியவந்தது.

விளைவு, 1772-ம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டம். அந்தச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் வழிவந்த யாரும், அப்போது ஆட்சியில் இருக்கும் மன்னரின் சம்மதம் இல்லாமல் திருமணம் செய்ய முடியாது. மீறிச் செய்தால் அந்தத் திருமணமே செல்லாது. தண்டனை, அபராதம் என்பதல்ல விஷயம். சட்டத்தின் பார்வையில் அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை, அவ்வளவுதான். பிறக்கும் குழந்தைக்கு அரியணை உரிமையும் கிடையாது. வெளிநாட்டு அரச குடும்பங்களுக்கு மருமகளாகப் போன இளவரசிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். 25 வயது தாண்டியவர்கள், மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிட்டு 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காவிட்டால் திருமணம் செய்துகொள்ளலாம். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தன் காதலை நாட்டின் அமைச்சர்கள் முன்னால் வைத்து, ஒரு வருடம் ஊரே பேசுவதைக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்தையும் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அரண்மனையை விட்டுத் தனியாக வெளியே போகவே அனுமதி இல்லாத பெண்ணுக்கு அது என்ன ஜன்னல்?

இதற்கு மேல் இன்னொரு வேலியும் இருந்தது. 1701-ம் ஆண்டின் அரியணை உரிமைச் சட்டப்படி, கத்தோலிக்கரைத் திருமணம் செய்தால் வாரிசுரிமை போய்விடும். (அந்தச் சட்டம் அரியணையை யாருடைய சந்ததிக்குக் கொடுத்தது தெரியுமா? ஹனோவரைச் சேர்ந்த இன்னொரு சோஃபியாவுக்கு. நம் சோஃபியாவின் கொள்ளுப்பாட்டனாருக்கும் பாட்டி முறை அவர்.) ஆக பிரான்ஸ், ஸ்பெயின், ஆஸ்திரியா, போர்ச்சுகல் என்று பெரிய இடங்கள் எல்லாம் பட்டியலிலேயே இல்லை. மிச்சம் இருந்தது ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சமஸ்தானங்களும், டென்மார்க், ஸ்வீடன் போன்ற சில நாடுகளும்தான். உள்நாட்டுப் பிரபுக்களோ, அந்தஸ்தில் குறைந்தவர்கள். 1793-லிருந்து பிரான்ஸுடன் போர் வேறு. ஐரோப்பாவே பற்றி எரியும்போது வரன் பார்க்க யார் வருவார்கள்?

ஆறு பெண்கள், ஒரு 'கன்னிமாடம்'

சோஃபியா 1777 நவம்பர் 3-ல் லண்டன் பக்கிங்ஹாம் மாளிகையில் பிறந்தார். மன்னருக்கும் ராணி சார்லட்டுக்கும் 12-வது குழந்தை. அவருக்கு மேலே நான்கு அக்காக்கள்: சார்லட், அகஸ்டா, எலிசபெத், மேரி. கீழே ஒரே தங்கை அமேலியா. ஜான் சிங்கிள்டன் காப்ளி 1785-ல் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியத்தில் மேரி, சோஃபியா, அமேலியா மூவரும் நாய்க்குட்டிகள், கிளிகள், திராட்சைக் கொத்துகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் கண் வைக்கத் தோன்றும் அளவுக்கு மகிழ்ச்சியான குழந்தைகள்.

அப்பாவுக்கு மகள்கள் என்றால் உயிர். சிக்கலே அங்கேதான். மகள்களில் யாரும் கல்யாணம் ஆகிப் போவதை தான் ஒருபோதும் விரும்பியதில்லை, அவர்கள் கூட இருப்பதே தனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் மன்னரே எழுதியிருக்கிறார். இதை வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவருடைய கடைசித் தங்கை கரோலின் மட்டில்டாவை 15 வயதில் டென்மார்க் மன்னருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்கு மனநலப் பிரச்சினை. அரசவை மருத்துவர் ஸ்ட்ரூயன்ஸேயுடன் ராணிக்கு ஏற்பட்ட உறவு 1772-ல் அம்பலமானது. மருத்துவருக்கு மரண தண்டனை. ராணிக்கு விவாகரத்து, பிள்ளைகளிடமிருந்து பிரிவு, நாடு கடத்தல். 1775-ல், 23 வயதில், ஜெர்மனியின் செல்லே நகரில் அவர் இறந்துபோனார். தங்கைக்கு நடந்ததைப் பார்த்த அண்ணன், தன் மகள்களை அனுப்பத் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை. டென்மார்க்கின் பட்டத்து இளவரசருக்கு அகஸ்டாவைப் பெண் கேட்டபோது மன்னர் மறுத்துவிட்டார். அந்த இளவரசர் வேறு யாருமல்ல, கரோலின் மட்டில்டாவின் மகன்தான். சொந்த அத்தை மகன்!

1788-ல் மன்னருக்கு மனநலம் பாதிக்கப்பட்டது. குணமாகி மீண்டும் வந்தார். ஆனால், அதற்குப் பிறகு வீட்டின் சூழலே மாறிப்போனது. மன்னரின் மனதைக் கலங்கடிக்கும் எதையும் பேசக் கூடாது என்பது எழுதாத விதி. மகள்களின் திருமணத்தைவிட அவர் மனதைக் கலங்கடிக்கும் பேச்சு வேறென்ன இருக்கிறது? ராணி சார்லட்டும் மகள்களைத் தன் அருகிலேயே இருத்திக்கொண்டார். தையல், ஓவியம், அம்மாவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுதல், கடற்கரை ஊரான வெய்மவுத்துக்கு ஆண்டுதோறும் பயணம். 20 வயதிலும் அதுவே, 30 வயதிலும் அதுவே. அந்த வாழ்க்கைக்கு இளவரசிகளே வைத்த பெயர் 'கன்னிமாடம்'.

மூத்தவர் சார்லட் மட்டும் 1797-ல், 30 வயதில், வூர்ட்டம்பெர்க் இளவரசரைத் திருமணம் செய்து தப்பித்தார். 'தப்பித்தார்' என்பது கொஞ்சம் கடுமையான சொல்தான். ஆனால், மாப்பிள்ளையின் விவரத்தைப் பார்த்தால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஊரே கேலிச்சித்திரம் வரையும் அளவுக்குப் பருமன். மனைவியை இழந்தவர். முதல் மனைவி ரஷ்யாவில் மர்மமான சூழ்நிலையில் இறந்தவர், அதிலும் அவர் மூன்றாம் ஜார்ஜின் சொந்த மருமகள், அக்கா அகஸ்டாவின் மகள். அப்படிப்பட்ட வரனுக்கும் சார்லட் சம்மதித்தார்.

அண்ணன்களுக்கு ஒரு நியாயம்

சட்டம் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான். வாழ்க்கை ஒன்றாக இல்லை.

மூத்த அண்ணன் ஜார்ஜ், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை 1785-ல் ரகசியமாகத் திருமணம் செய்தார். 1772 சட்டப்படி அது செல்லாது. பத்து ஆண்டு கழித்து அப்பா சொன்ன பிரன்ஸ்விக் கரோலினைத் தாராளமாகக் கட்டிக்கொண்டார். மூன்றாவது மகன் வில்லியம், நடிகை டோரதியா ஜோர்டனுடன் இருபது ஆண்டு குடும்பம் நடத்தி 10 பிள்ளைகள் பெற்றார். நான்காவது மகன் எட்வர்டு, மேடம் டி செயின்ட் லாரன்ட் என்ற பெண்ணுடன் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். ஆறாவது மகன் அகஸ்டஸ் 1793-ல் ரோமில் லேடி அகஸ்டா முர்ரேயை மணந்தார். மறு ஆண்டே அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வாரிசுரிமை இல்லை.

அண்ணன்களுக்குத் தனி வீடு இருந்தது, வேலைக்காரர்கள் இருந்தார்கள், கடன் கொடுக்க ஆள் இருந்தது. சட்டத்தை மீறினால் கல்யாணம்தான் செல்லாது, வாழ்க்கை செல்லும். தங்கைகளுக்கோ தனி வீடே கிடையாது. அம்மாவின் கூரைக்குக் கீழேதான் எல்லாம். அவர்கள் பார்த்துப் பழகக்கூடிய வெளி ஆண்கள், அப்பாவின் குதிரைப்படை உதவியாளர்கள் மட்டும்தான்.

நடந்ததும் அதுதான். அகஸ்டாவுக்குத் தளபதி பிரென்ட் ஸ்பென்சர் மீது காதல். கடைக்குட்டி அமேலியாவுக்கு சார்லஸ் ஃபிட்ஸ்ராய் மீது. அமேலியா தன் பெயரோடு அவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவாராம். 25 வயது ஆனதும் பிரிவி கவுன்சில் வழியில் போகலாம் என்று காத்திருந்தார். வயது வந்தது. அதற்குள் நோய் முந்திக்கொண்டது. 1810 நவம்பர் 2-ல், 27 வயதில் இறந்தார். தன்னிடம் இருந்ததை எல்லாம் ஃபிட்ஸ்ராய்க்கே எழுதி வைத்திருந்தார். செல்ல மகளின் மரணத்தை ஒட்டி மன்னரின் மனநிலை மீண்டும் சரிந்தது. இந்த முறை அவர் திரும்பவே இல்லை. 1811 பிப்ரவரியில் மூத்த மகன் ஜார்ஜ் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார்.

வெய்மவுத்தில் நடந்தது என்ன?

சோஃபியாவின் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் கதை 1800-ல் நடந்தது.

மன்னரின் உதவியாளர்களில் ஒருவர் தளபதி தாமஸ் கார்த். சோஃபியாவைவிட 33 வயது மூத்தவர். முகத்தில் ஊதா நிறத்தில் பெரிய மச்சம். அழகன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சோஃபியாவுக்கு அவர் மீது ஈர்ப்பு என்று அரண்மனையில் பேச்சு. 1800 கோடையில் சோஃபியா உடல்நலம் குன்றி வெய்மவுத்தில் இருந்தார். அதே ஆகஸ்டில் அந்த ஊரில் ஓர் ஆண் குழந்தைக்கு தாமஸ் என்று ஞானஸ்நானம் நடந்தது. பின்னாளில் அந்தக் குழந்தையைத் தன் மகனாக வளர்த்தவர் தளபதி கார்த்.

அது சோஃபியாவின் குழந்தையா? ஆம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் எல்லாம் அரண்மனை வம்புகளும் ஒருசில கடிதங்களும்தான், இதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி முடிவுசெய்ய முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். சார்லஸ் கிரெவில் என்பவரின் நாட்குறிப்பில் ஒரு வம்பு பதிவாகியிருக்கிறது. இளவரசிக்கு நீர்க்கோவை நோய் என்றும், மாட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டு திடீரென்று குணமாகிவிட்டது என்றும் மன்னரிடம் சொன்னார்களாம். மன்னரும் அதை நம்பி, என்ன அதிசயம் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட கதை. அதற்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருவதில்லை.

ஒருவேளை சோஃபியாவும் கார்த்தும் ரகசியத் திருமணம் செய்திருந்தாலும் பயனில்லை. 1772 சட்டப்படி அது செல்லாது. குழந்தை, சட்டத்துக்கு வெளியே பிறந்த குழந்தைதான்.

விஷயம் அத்தோடு அடங்கவில்லை. 1829-ல், வளர்ந்து ராணுவ அதிகாரியாகிக் கடனிலும் மூழ்கியிருந்த இளைய கார்த், தன்னிடம் உள்ள ஆவணங்களை வைத்து அரச குடும்பத்திடம் பணம் கேட்டார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அரசியல் எதிரிகள், குழந்தையின் தந்தை என்று சோஃபியாவின் சொந்த அண்ணன் எர்னஸ்டையே இழுத்தார்கள். எர்னஸ்ட் அப்போது மிகவும் வெறுக்கப்பட்ட அரசியல்வாதி. அவரை அடிக்க ஒரு கல் தேவைப்பட்டது. கல்லாகப் பயன்பட்டது 51 வயதான தங்கையின் மானம்.

மூட்டையில் கட்டி தேம்ஸில் போடலாமே

அண்ணன் ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததும் தங்கைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1812-ல் நாடாளுமன்றம் நான்கு இளவரசிகளுக்கும் தனி மானியம் ஒதுக்கியது. அம்மாவின் கோபத்தைப் பொருட்படுத்தாமல், இனி நாங்கள் வெளியே போய் வருவோம் என்று நான்கு பேரும் எழுத்திலேயே தெரிவித்தார்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்கள், வெளியே போக அம்மாவுக்கு மனு எழுதினார்கள்!

இந்தக் காலத்தில் சோஃபியா அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதம் பிரபலம். நாங்கள் உங்களுக்குப் பாரம், நாட்டுக்குப் பழைய தட்டுமுட்டுச் சாமான், எங்களை ஒரு மூட்டையில் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிட நீங்கள் முடிவெடுக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம் என்ற பொருளில் எழுதியிருப்பார். அரண்மனையில் கண்ணீரைவிட கிண்டல்தான் பாதுகாப்பான மொழி போலும்.

1816-ல் மேரி, 40 வயதில், ஒன்றுவிட்ட சகோதரரான குளோஸ்டர் கோமகனை மணந்தார். 1818-ல் எலிசபெத், 47 வயதில், ஜெர்மனியின் ஹெஸ்ஸே-ஹோம்பர்க் இளவரசரை மணந்தார். இருவருக்கும் குழந்தை இல்லை. அகஸ்டாவும் சோஃபியாவும் கடைசி வரை தனியாகவே இருந்தார்கள்.

1818: கல்யாணப் பந்தயம்

இப்போது 1817 நவம்பருக்குத் திரும்புவோம். பேத்தி சார்லட் இறந்துவிட்டார். அரியணை வரிசை இப்படி நின்றது: முதலில் ஏழு மகன்கள் வயது வரிசையில். அவர்களுக்குப் பிறகு ஐந்து மகள்கள் வயது வரிசையில். அக்கா தம்பி என்ற கணக்கே கிடையாது. எத்தனை வயது இளையவனானாலும் ஆண்தான் முந்தி. கடைக்குட்டித் தம்பிக்குப் பிறகுதான் மூத்த அக்கா. அந்த வரிசையில் 12-வதாக, கடைசியில் நின்றவர் சோஃபியா.

அரசுக்கு வாரிசு வேண்டும். அண்ணன்களுக்கோ கடனை அடைக்க நாடாளுமன்றத்தின் மானியம் வேண்டும். இரண்டும் கல்யாணத்தில் வந்து சேர்ந்தன. 27 ஆண்டு கூட வாழ்ந்த பெண்ணை விட்டுவிட்டு எட்வர்டு, லைனிங்கன் இளவரசரின் விதவையான விக்டோரியாவை மணந்தார். வில்லியம், தன்னைவிட 27 வயது இளையவரான அடிலெய்டை மணந்தார். இருவரின் திருமணமும் 1818 ஜூலை 11-ல் கியூ அரண்மனையில் ஒரே சடங்கில் நடந்தது. எட்வர்டுக்கு ஜெர்மனியில் ஏற்கனவே ஒரு முறை தாலி கட்டியாகிவிட்டது போல, இது இரண்டாவது சடங்கு. கடைசி மகன் அடால்ஃபும் அதே ஆண்டு திருமணம் செய்தார். எர்னஸ்ட் 1815-லேயே மணமானவர்.

1819-ல் பிரசவச் செய்திகள் வரிசைகட்டி வந்தன. மார்ச் 26-ல் அடால்ஃபுக்கு ஆண் குழந்தை. மறுநாள் வில்லியமுக்குப் பெண் குழந்தை, ஆனால் அன்றே இறந்துவிட்டது. மே 24-ல் லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் எட்வர்டுக்குப் பெண் குழந்தை. மூன்றே நாளில் பெர்லினில் எர்னஸ்டுக்கு ஆண் குழந்தை. அப்பாக்களின் வரிசையில் எட்வர்டு முந்தியவர் என்பதால், மே 24-ல் பிறந்த பெண் குழந்தை இரண்டு ஆண் குழந்தைகளையும் தாண்டி நின்றது. அந்தக் குழந்தைதான் விக்டோரியா. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் பெயர் தந்த அதே மகாராணி.

வில்லியமின் இரண்டாவது மகளும் மூன்று மாதம்தான் உயிரோடு இருந்தாள். அதில் ஒருத்தி பிழைத்திருந்தால்கூட விக்டோரியா ராணியாகியிருக்க மாட்டார். விக்டோரியா பிறக்காமல் இருந்திருந்தால், அடுத்து நின்றவர் எர்னஸ்ட்.

சித்தப்பா இல்லாத வீட்டில் ஓர் அத்தை

அம்மா 1818 நவம்பரில் இறந்தார், அப்பா 1820 ஜனவரியில். சோஃபியா கென்சிங்டன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்திலேயே, கணவர் எட்வர்டை இழந்த விக்டோரியாவின் தாயும், குழந்தை விக்டோரியாவும். அந்த வீட்டின் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர் சர் ஜான் கான்ராய். கறார் பேர்வழி, பேச்சில் கெட்டிக்காரர்.

இந்தக் கான்ராயைத்தான் சோஃபியா முழுசாக நம்பினார். தன் பணத்தையும் அவர் கையில் கொடுத்தார். மாளிகையில் நடப்பதை எல்லாம் அவருக்குத் தெரிவிப்பவராகவும் மாறினார். சின்னஞ்சிறு விக்டோரியாவைத் தனியே ஓர் அறையில் தூங்க விடமாட்டார்கள், யாரும் கையைப் பிடிக்காமல் படி இறங்க விடமாட்டார்கள். 'கென்சிங்டன் முறை' என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தக் கட்டுப்பாடுகளை வகுத்ததில் கான்ராய்க்குப் பெரிய பங்கு. சிறுமி பதவிக்கு வரும்போது 18 வயது ஆகாமல் இருந்தால், தாய்தான் ஆட்சிப் பொறுப்பாளர். தாயின் கடிவாளம் தன் கையில். இதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு மாத இடைவெளியில் தப்பியது. விக்டோரியாவுக்கு 1837 மே 24-ல் 18 வயது. வில்லியம் மன்னர் இறந்தது ஜூன் 20. ராணியான முதல் நாளே தன் கட்டிலை அம்மாவின் அறையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார் விக்டோரியா. கான்ராய்க்குத் தன் வீட்டில் இடமில்லை என்றும் ஆக்கினார். ஹனோவர் அரியணை பெண்ணுக்குப் போகாது என்பதால் அது மட்டும் எர்னஸ்டிடம் போனது.

கட்டுப்பாட்டில் வளர்ந்து, கட்டுப்பாட்டை வெறுத்து, 'கன்னிமாடம்' என்று கிண்டல் செய்த பெண், இன்னொரு சிறுமியைக் கட்டுப்படுத்தியவனுக்கு ஏன் துணை போனார்? பணம் போனது தெரியாமலா, அல்லது 50 வயதில் தன்னிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடைத்ததற்கான விலையா? கடிதங்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. நல்லவர், பாவம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாத இடம் இது.

கடைசி ஆண்டுகளில் சோஃபியாவுக்குக் கண்பார்வை போய்விட்டது. 1848 மே 27-ல், 70 வயதில், கென்சிங்டனில் தன் வீட்டில் இறந்தார். கணக்கைத் திறந்து பார்த்தபோது குடும்பம் அதிர்ந்தது. இத்தனை ஆண்டு மானியம் வாங்கிய இளவரசியிடம் மிச்சம் இருந்தது 1,600 பவுண்டுக்குச் சற்று மேல். அதே காலத்தில் கான்ராய்க்குக் கென்சிங்டனில் வீடும் வேல்ஸில் எஸ்டேட்டும் சேர்ந்திருந்தன. உடன்பிறந்தவர்கள் வக்கீல் மூலம் விளக்கம் கேட்டார்கள். ஆனால், கணக்கு வரவே இல்லை.

சட்டம் என்ன ஆனது?

1772 சட்டம் 240 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. 2013-ல் நிறைவேறிய அரியணை வாரிசுச் சட்டம் 2015 மார்ச் 26-ல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது ரத்தானது. இப்போது வரிசையில் முதல் ஆறு பேர் மட்டும் மன்னரின் சம்மதம் வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும் திருமணம் செல்லும், அரியணை உரிமைதான் போகும். கத்தோலிக்கரை மணப்பதற்கான தடையும் நீங்கியது. 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆண் முந்தி என்ற விதியும் இல்லை. வில்லியம் - கேத்தரின் தம்பதியின் மகள் சார்லட்டுக்கு 2018-ல் ஒரு தம்பி பிறந்தபோது, அவர் இடம் மாறாமல் இருந்தது இதனால்தான்.

இன்றைய விதியை 1802-க்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். சோஃபியாவுக்கு 25 வயது நிறைந்த ஆண்டு அது. அன்றைய வரிசையில் மூத்த அண்ணன், அவர் மகள், பிறகு மற்ற அண்ணன்கள், அக்காக்கள் என்று போனால், அகஸ்டா 10-வது இடம். சோஃபியா 13. அமேலியா 14. மூவரில் யாருமே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்காது.

சோஃபியாவின் கல்லறை வின்ஸரில் இல்லை. அப்பா, அம்மா, அமேலியா எல்லோரும் அங்கே இருக்க, அவர் கேட்டுக்கொண்டது லண்டனின் கென்சல் கிரீன் பொதுக் கல்லறைத் தோட்டம். அங்கே தேவாலயத்துக்கு எதிரே உயர்ந்த பீடத்தின் மீது அவருடைய கல்பேழை இருக்கிறது. பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பது அண்ணன் அகஸ்டஸின் கல்லறை. 1793 திருமணம் செல்லாது என்று ஆக்கப்பட்ட அதே அண்ணன்தான். பின்னாளில் மன்னரின் சம்மதம் இல்லாமலே இன்னொரு பெண்ணையும் அவர் மணந்திருந்தார். வின்ஸரில் அந்த மனைவிக்குத் தன் பக்கத்தில் இடம் கிடைக்காது என்று தெரிந்துதான் பொதுக் கல்லறையைத் தேர்ந்தெடுத்தார். 1873-ல் அவர் மனைவியும் அங்கேயே, அவரோடு அடக்கம் செய்யப்பட்டார்.